டாக்டரின் சங்கமும் என் சேதுக் குளியலும்

என் வீட்டுக்காரர் மனம் பேதலித்தவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர். அவர் ஊசி போடுவது குறைவு. நோயாளியை உட்கார வைத்துப் பேசவிட்டுக் கேட்பதுதான் அவருடைய வைத்தியம். இராமநாதபுரத்தில் அவர் பெயரைச் சொன்னால் ஜட்கா வண்டிக்காரருக்கு விளங்காது. பைத்தியக்கார டாக்டர் வீடு என்றால் நேரே கொண்டுவந்து விடுவார். வைத்தியத்துக்கு வருகிறவர்கள் முன்வாசல் வழியாக வர வெட்கப்பட்டுக் கொல்லைப்பக்கமாக வருவார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முதுகுளத்தூர்ப் பக்கத்தில் உழுது பிழைக்கிற சம்சாரி வீட்டுப் பெண். அவருடைய தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சுவர் வழியாகக் கேட்டதுதான். அடுப்படிக்கும் அவர் அறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர். யார் வந்து உட்கார்ந்தாலும் அவர் முதலில் சொல்வது ஒன்றே: "சொல்லுங்க, நான் கேக்குறேன்." அதற்குப் பிறகு விசும்பல் கேட்டால் நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவேன். அடுத்தவர் துக்கத்தை ஒட்டுக் கேட்பது பாவம்.

அவருக்கு வைத்தியம் ஒரு கண் என்றால் சங்கம் இன்னொரு கண். சுதந்திரம் வந்த புதிதில் இவரைப் போன்ற டாக்டர்கள் மதுரையில் ஒரு லாட்ஜ் அறையில் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். அன்று கூடியவர்கள் ஒரு பாயில் உட்காரக்கூடிய அளவுதான். இவர் காரியதரிசி. பிறகு பொக்கிஷதார். பிறகு டாக்டர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதி எழுதுகிற கமிட்டிக்குத் தலைவர். கடைசியில் சங்கத்துக்கே தலைவர். வருஷம் ஒரு ஊரில் மாநாடு நடக்கும். கல்கத்தா, லக்னோ, பம்பாய் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். எனக்குச் சங்கம் என்றால் எத்தனை இலை போட வேண்டும், யாருக்குக் காப்பியில் சர்க்கரை கூடாது என்பதுதான்.

கல்கத்தா மாநாட்டுக்கு அவர் போயிருந்தபோதுதான் எங்கள் மகள் பர்வதத்துக்குக் காய்ச்சல் வந்தது. ஏழு வயசு. தந்தி கிடைத்து அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

சில மாதம் கழித்து ஒரு பகலில் அவர் அறை வாசலில் போய் நின்றேன். "உங்ககிட்டக் கொஞ்சம் பேசணும். புள்ளையப் பத்தி" என்றேன். அவர் மேசையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சொந்தக்காரங்களுக்கு நான் வைத்தியம் பாக்கக் கூடாது மீனாட்சி. அது எங்க சங்கத்து விதி. நானே எழுதுனது. மதுரையில நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்காரு, கூட்டிட்டுப் போறேன்" என்றார். அந்நிய ஆம்பிளையிடம் என் பிள்ளையைப் பற்றி நான் என்ன சொல்வேன்? வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். அவருடைய விதி எனக்கும் விதிதான் என்று, வெள்ளிக்கிழமை விரதம் போல அதையும் கடைப்பிடித்தேன். அன்றிலிருந்து பர்வதத்தின் பெயர் எங்கள் இருவருக்கும் நடுவே வந்ததில்லை.

ஒரு ஆசை மட்டும் மிச்சம் இருந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் எல்லாருக்கும் தெரியும். புருஷனும் பெண்சாதியும் முந்தானையை வேட்டியோடு முடிந்து, கைகோத்துத் தனுஷ்கோடிச் சேதுக் கடலில் முங்க வேண்டும். தங்களுக்காக முங்கி முடித்த பிறகு, வர முடியாதவர்கள், போய்விட்டவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி அவர்களுக்காகவும் முங்கலாம். அப்படி எங்கள் பிள்ளை பெயருக்கு ஒரு முங்கல் போட வேண்டும். தாலி கழுத்தில் இருக்கிறவள் தனியாகப் போய் முங்கினால் அது நிறையாது. தனுஷ்கோடி ஒரு பொழுது பயணம்தான். கேட்டபோதெல்லாம் அவர் சொன்ன பதிலும் ஒன்றுதான்: "மாநாடு முடியட்டும். கடல் எங்கனயும் போயிராது."

இப்படியிருக்க, இலங்கை டாக்டர்கள் சங்கமும் இவர்கள் சங்கமும் சேர்ந்து கொழும்பில் ஒரு மாநாடு வைத்தார்கள். தலைவர் பதவியை இவர் இறக்கி வைக்கப்போகும் மாநாடு. குடும்பத்தோடு வர வேண்டும் என்று அழைப்பு. கொழும்புக் கப்பல் ஏறுவது தனுஷ்கோடியில்தான் என்றதும் ராமநாதசுவாமியே கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

புறப்பட்ட அன்று கூலிக்காரர் தன் மகனைப் பார்த்து, "ஏலே, பைத்தியக்கார டாக்டரு மூட்டை, பாத்துத் தூக்கு. உள்ள என்ன இருக்கோ" என்றார். இவர் திரும்பி, "உள்ள சம்சாரத்து மிளகாய்தான் இருக்கு. பைத்தியத்தை எல்லாம் கொழும்புல இறக்குமதி பண்ண விட மாட்டாங்க" என்றார். அவர் வேடிக்கையாகப் பேசினால் மனசு நிறைவாக இருக்கிறது என்று பொருள். எனக்கும் நிறைவாக இருந்தது.

மண்டபத்தில் ரயில் நின்றுவிட்டது. காற்று பலமாக அடித்தால் பாம்பன் பாலத்தில் வண்டியை விட மாட்டார்கள். கட்டுச்சோற்றைப் பிரித்தோம். புளியோதரைக்கு நான் வறுத்துக் கொண்டுவந்த மோர் மிளகாயை எதிர் இருக்கைக்காரர்களும் கேட்டு வாங்கினார்கள். காற்று தணிந்து பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது பெண்கள் எல்லாரும் கும்பிட்டுக் காசு போட்டார்கள். நானும் போட்டேன். ஜன்னலுக்குக் கீழே தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

காத்துக் கிடந்ததற்குத் தண்டனை தனுஷ்கோடியில் கிடைத்தது. ரயில் நின்றதுமே கப்பல் ஊதிவிட்டது. மணலுக்கு அப்பால் கடல் பளபளத்தது. நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"திரும்பும்போது பாத்துக்கலாம் மீனாட்சி. கடல் எங்கனயும் போயிராது" என்றார்.

கடல் போகவில்லைதான். பின்னால் வந்த புயலில் ஊர்தான் போயிற்று. இன்று அங்கே ஸ்டேஷனும் இல்லை, கப்பலும் இல்லை. அதனால்தான் பார்த்தவரைக்கும் எழுதி வைக்கிறேன்.

கப்பலில் ஏறியதும் எனக்குத் தலை சுற்றியது. பக்கத்து பெஞ்சியில் கீழக்கரை மரைக்காயர் ஒருவர், கொழும்பில் கடை வைத்திருப்பவர், எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"தண்ணியப் பாக்காதீங்க தாயி. அங்கன தூரத்துல கோடு மாதிரி தெரியுது பாருங்க, அதைப் பாருங்க. இன்ஷா அல்லாஹ், சாயாக் குடிக்கிற நேரத்துல கரை வந்துரும்."

"எத்தனை தடவை போயிட்டு வந்திருக்கீங்க?" என்று இவர் கேட்டார்.

"எண்ணிக்கை யாரு வச்சா? ஊருல இருக்கும்போது கடை ஞாபகம். கடையில இருக்கும்போது ஊட்டு ஞாபகம். எங்க ஊட்டுல சொல்லுவாக, நீங்க ரெண்டு எடத்துலயும் இல்லை, கப்பல்லதான் குடியிருக்கீங்கன்னு."

இவர் சிரித்தார். நான் அந்தத் தூரத்துக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலைமன்னாரில் சுங்கத்துக்காரர் என் துணி மூட்டையைக் கம்பியால் குத்திப் பார்த்தார். உள்ளே இருந்தது எங்கள் ஊர்க் குண்டு மிளகாய், நாங்கள் தங்கப்போகும் வீட்டுக்காரிக்குக் கொண்டுபோனது. மூட்டை பிய்ந்து நெடி ஏறியது. அவர் தும்ம, பக்கத்தில் இருந்தவர் தும்ம, வரிசை முழுவதும் தும்மியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிங்களத்தில் ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று மரைக்காயரைக் கேட்டேன். "இதைத் தின்னுட்டுமா உங்க ஊருல உசுரோட இருக்காங்கன்னு கேக்குறாரு" என்றார். எங்கள் பெட்டிகளைத் திறக்காமலே அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் கொழும்பு. எங்களுக்கு இடம் கொடுத்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர். அவர் மனைவி சிவபாக்கியம் அக்கா என்னைவிடச் சற்று மூத்தவர், இங்கிலீஷ் படித்தவர். முதல் வேளையே இடியப்பமும் சொதியும் வைத்தார். எங்கள் பக்கம் இடியப்பத்துக்குச் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும்தான். இங்கே மஞ்சளாகத் தேங்காய்ப்பால் குழம்பை ஊற்றி, சிவப்பாகத் தேங்காய்ச் சம்பலை வைத்துப் பிசைகிறார்கள். நன்றாகத்தான் இருந்தது. தேநீரில் சர்க்கரை போடாமல், கையில் கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கொடுத்துக் கடித்துக் குடிக்கச் சொன்னார்கள். அதுவும் பழகிவிட்டது. ஊரே பச்சை. எங்கள் சீமையில் ஒரு வருஷத்தில் பார்க்கிற மழையை அங்கே ஒரு மத்தியானத்தில் பார்த்தேன். இந்த மழையில் கொஞ்சம் முதுகுளத்தூர்க் கண்மாய்க்குப் போகக் கூடாதா என்று இருந்தது.

ஆண்கள் மாநாட்டுக்குப் போன பிறகு, சிங்கள டாக்டர் ஒருவரின் மனைவி தானே கார் ஓட்டிக்கொண்டு வந்து எங்களை முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். பாதி வழியில் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. தெருவோரத்தில் இளநீர் குடித்துக்கொண்டு காத்திருந்தோம். அந்தம்மா சிங்களத்தில் சொன்னதை அக்கா எனக்குத் தமிழாக்கினார்: "என் வீட்டுக்காரர் ஊர் சனம் எல்லாரையும் பொறுமையாகக் கேட்பார். வீட்டுக்குள் நுழைந்ததும் காது மூடிக்கொள்ளும். நான் ஒருநாள் கொல்லைப்பக்கமாக வந்து, காசு கட்டி, நோயாளி நாற்காலியில் உட்காரப் போகிறேன்."

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் நான் மிச்ச இளநீரைக் குடிக்காமலே கீழே வைத்தேன். ஏன் என்று அக்கா கேட்கவில்லை. ஆனால் பார்த்துவிட்டார்.

கோயிலில் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடினால் எனக்கு ராமநாதசுவாமி கோயில் அம்பாள் சன்னிதிதான் வந்தது. பர்வதவர்த்தினி அம்மனை நினைத்துத்தான் பிள்ளைக்குப் பெயர் வைத்தோம். முருகனிடம் வேறொன்றும் கேட்கவில்லை. திரும்பும்போது காற்று அடிக்காமல் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

அதற்கு அடுத்த நாள் மாநாட்டின் கடைசி நாள். இவருக்கு மாலை போடுகிறார்கள் என்று எங்களையும் அழைத்துப் பின் வரிசையில் உட்கார வைத்தார்கள். இத்தனை வருஷமாக இலை போட்டும் சங்கத்தை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான். பெரிய கூடம், மேலே காற்றாடி, எல்லாம் இங்கிலீஷ். ஒரு இளம் டாக்டர் எழுந்து வேகமாக ஏதோ கேட்டார். இவர் மேடையில் எழுந்து, வீட்டில் பேசுவது போலவே நிதானமாகப் பதில் சொன்னார்.

"என்னக்கா சண்டை?" என்று கேட்டேன்.

"சண்டை இல்லை பிள்ளை. உங்கட அவர் எழுதின விதியைப் பற்றித்தான் கதைக்கினம். டொக்டர் தன்ர குடும்ப ஆக்களுக்கு வைத்தியம் பாக்கக் கூடாது எண்டு இருக்காம். அது கொடுமையில்லையோ எண்டு அந்தத் தம்பி கேக்கிறார்."

"இவரு என்ன சொல்றாரு?"

"விதி சரிதான் எண்டுறார். டொக்டருக்கு நோயாளியின்ர துக்கத்துக்கு வெளியில நிக்கத் தெரிய வேணுமாம். தன்ர வீட்டுத் துக்கத்துக்கு ஆர் வெளியில நிக்கலாம் எண்டு கேக்கிறார்."

"தெரியும் அக்கா. அதனாலதான் நான் அவருகிட்ட ஒண்ணும் சொல்றதில்லை."

அக்கா முழுதாக என் பக்கம் திரும்பினார். "என்னத்தைச் சொல்றதில்லை?"

சொன்னேன். பிள்ளை, கல்கத்தா, அறை வாசல், மதுரை டாக்டர், எல்லாம் முணுமுணுப்பாகவே சொல்லி முடித்தேன். அந்நிய ஊரில், அறிமுகமாகி மூன்று நாள் ஆன ஒருத்தியிடம் அது அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது எனக்கே ஆச்சரியம்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை, டொக்டரா இருந்து கேக்கக் கூடாது எண்டுதான் விதி. புருசனா இருந்து கேக்கக் கூடாதெண்டு எந்தச் சங்கம் விதி போடும்? ரெண்டு பேரும் சேந்து இருந்து அழுகிறதுக்குப் பேர் வைத்தியமோ?"

மேடையில் கைதட்டினார்கள். இவர் கழுத்தில் மாலை விழுந்தது. நானும் தட்டினேன். காற்றாடிச் சத்தம் மட்டும் காதில் பெரிதாகக் கேட்டது. இத்தனை வருஷம் நான் காத்தது விரதமே இல்லையா? அப்படியென்றால் அவர் அன்று தலையைத் தூக்காமல் சொன்னது விதிக்காகவா, என் முகத்தைப் பார்க்க முடியாமலா? அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. வெயிலில் நெடுந்தூரம் நடந்து வந்து, பக்கத்திலேயே குறுக்குப் பாதை இருந்தது என்று கேட்டவளுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

மாலையைக் கழற்றுவதற்குள் அவரை இன்னொரு கமிட்டிக்குத் தலைவராக்கிவிட்டார்கள். முதல் கூட்டம் மதுரையில், நாங்கள் கரை இறங்குகிற அன்று சாயங்காலமே. "இதுதான் கடைசி மீனாட்சி" என்றார். அவர் கடைசி என்று சொன்னவற்றை எல்லாம் நான் அறிவேன்.

திரும்பும் கப்பலில் கடல் பாய் விரித்தாற்போல் கிடந்தது. முருகன் கேட்டதைக் கொடுத்துவிட்டார். இவரோடு சங்கத்தைச் சேர்ந்த சென்னை டாக்டர்கள் சிலரும் வந்தார்கள். அவர்கள் பேச்செல்லாம் புதுக் கமிட்டியைப் பற்றி. நான் தூரத்துக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கோடு மெல்லத் தனுஷ்கோடி மணலாக மாறியது.

இறங்கியதும் ரயில் தயாராக நின்றது. சென்னை டாக்டர்கள் முதலில் ஏறி, எங்கள் பெட்டியையும் உள்ளே வாங்கி வைத்து, ஜன்னலோரம் இடம் போட்டுவிட்டு, "பிரசிடெண்ட் சார், சீக்கிரம் ஏறுங்க" என்றார்கள். இவர் படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினார். நான் பிளாட்பாரத்திலேயே நின்றேன்.

"என்ன மீனாட்சி?"

"நீங்க கமிட்டிக்குப் போயிட்டு வாங்க. நான் இங்கன குளிச்சிட்டு அடுத்த வண்டில வாரேன்."

"தனியாவா? தம்பதியாத்தான முங்கணும்பே?"

"வர ஆள் இல்லைன்னா என்ன செய்ய? நிறையாட்டிப் போகுது. அவ பேருக்கு ஒண்ணு போட்டுட்டு வாரேன்."

"யார் பேருக்கு?" என்றார். கேட்டபோதே அவர் குரல் இறங்கிவிட்டது.

"உங்களுக்குத் தெரியும்."

ஜன்னலிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். இவர் என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார்.

"நான் உங்க நோயாளி இல்லைங்க. எனக்கு வைத்தியம் வேண்டாம். டாக்டரு ரயில்ல போகட்டும். பர்வதத்தோட அய்யா என்கூட வரட்டும்" என்றேன்.

அந்தப் பெயரை அவர் காதுபடச் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. கார்டு விசில் ஊதினார். இவர் படியிலிருந்து காலை எடுத்தார். பெட்டியை ஜன்னல் வழியாகத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். "என்ன சார், கமிட்டி?" என்று கேட்டதற்கு, "வேற யாரையாவது உக்கார வைங்க" என்றார். ரயில் போன பிறகு பெட்டியைக் கடைக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு மணலில் நடந்தோம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். 

ஒரு பக்கம் அலை இல்லாமல் பெண்கடல், மறுபக்கம் இரைந்துகொண்டு ஆண்கடல். கரையில் இருந்த புரோகிதர் என் முந்தானையை அவர் வேட்டியோடு முடிந்துவிட்டு மந்திரம் சொன்னார். கைகோத்து முங்கினோம். உப்புத் தண்ணீர் கண்ணில் எரிந்தது. எங்களுக்காக முங்கி எழுந்ததும் புரோகிதர், "இனி யார் பேருக்கு ஸ்நானம் பண்ணணுமோ, ஒவ்வொருத்தரா சொல்லுங்கோ" என்றார்.

இவர் சொல்லத் தொடங்கினார். லாட்ஜ் அறையில் பாயில் உட்கார்ந்து சங்கம் தொடங்கியவர்களில் இறந்துபோனவர்களின் பெயர்கள். ஒரு பெயர், ஒரு முங்கல். நானும் கூடவே முங்கினேன். எல்லாரும் என் கையால் சாப்பிட்டவர்கள்தான். ஒருவருக்கு ரசத்தில் பூண்டு ஆகாது. ஒருவர் காப்பியை ஆற்றி ஆற்றிப் பச்சைத் தண்ணீராக்கித்தான் குடிப்பார். அவர்கள் புண்ணியத்துக்குப் போகட்டும் என்று முங்கி எழுந்தேன். ஆனாலும் ஒவ்வொரு முறை எழும்போதும் அடுத்த பெயர் அவளுடையதாக இருக்குமா என்று காத்திருந்தேன்.

பெயர்கள் தீர்ந்துவிட்டன.

"அவ்வளவுதானா? இன்னும் இருக்கா?" என்று புரோகிதர் கேட்டார்.

இவர் வாயைத் திறந்தார். எத்தனையோ மேடையில் பேசிய வாய். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இன்னொரு முறை முயன்றார். தாடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. புரோகிதர் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க நிதானமா சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கரையில் காத்திருந்த அடுத்த தம்பதியிடம் போய்விட்டார்.

நாங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றோம். இவர் என் பக்கமாகத் திரும்பி, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அன்று அறை வாசலில் பார்க்காத முகத்தை இப்போது நேராகப் பார்த்தார்.

"என்னால முடியலை மீனாட்சி. நான் அன்னிக்கு இல்லை. அவளைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது" என்றார். பிறகு, "நீ சொல்லு. நான் கேக்குறேன்."

சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் அவர் சொல்ல நான் கேட்ட வார்த்தை. எங்கிருந்து தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கண்ணைத் திறந்து, "அய்யாவாம்மா?" என்று அவள் கேட்டதிலிருந்து தொடங்கினேன்.